மடிக்கணினி ஹப்: கம்பிவழி இணையமும் சார்ஜும் ஒரே கேபிளில் வருவது சரியா?

மலைச்சாரல் (தென்காசி)

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வைஃபையை நம்ப முடியவில்லை. வேகச் சோதனையில் எண் நன்றாகத்தான் வருகிறது; ஆனால் வகுப்பு நடுவே குரல் அறுந்து அறுந்து கேட்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தெருவில் எல்லார் வீட்டிலும் ஃபைபர் வந்துவிட்டது. அத்தனை வைஃபையும் ஒன்றோடொன்று மோதுகின்றன போலும். முன்னறையில் இருக்கும் ஃபைபர் மோடத்திலிருந்து என் மேசைக்குக் கம்பி இழுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இணைப்பு 100 எம்பிபிஎஸ் திட்டம்.

மடிக்கணினியில் கம்பிவழி இணையத்துக்கான ஈதர்நெட் துளை கிடையாது. இரண்டு யூஎஸ்பி-சி, ஒரு யூஎஸ்பி-ஏ, ஒரு எச்டிஎம்ஐ இருக்கின்றன. சார்ஜர் 65 வாட், சி வகை. பேனாவால் எழுதும் டேப்லெட் ஒன்றையும் எப்போதும் இணைத்திருப்பேன்.

ஈதர்நெட்டும் சார்ஜும் சேர்ந்த ஹப் (ஒரு சி துளையைப் பல துளைகளாக விரிக்கும் சின்னப் பெட்டி) வாங்கலாம் என்று பார்க்கிறேன். எல்லாப் பெட்டியிலும் "100 வாட் பிடி", "ஜிகாபிட்" என்று ஒரேபோல எழுதியிருக்கிறது. விலை மட்டும் இரண்டாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை போகிறது. என்ன வித்தியாசம்? மின்தடை வந்து இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடியில் வகுப்பு அறுந்துவிடுமா? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

---

செப்புக்கம்பி (மதுரை)

வணக்கம் டீச்சர். ஹப்பைப் பார்ப்பதற்கு முன் மடிக்கணினியைப் பாருங்கள். இரண்டு சி துளைகளிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று தெரிய வேண்டும். சார்ஜரை ஒன்றில் செருகிப் பாருங்கள், பிறகு மற்றதில். சில கணினிகளில் ஒரு துளை எல்லா வேலையும் செய்யும். மற்றது தரவுக்கு மட்டும். சார்ஜ் ஏறும் துளையின் பக்கத்தில் மின்னல் குறியோ பிளக் குறியோ போட்டிருப்பார்கள். எல்லா நிறுவனமும் போடுவதில்லை என்பதால் செருகிப் பார்ப்பதே உறுதி.

இரண்டிலும் ஏறினால் உங்களுக்கு ஹப்பே வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றில் சார்ஜர், மற்றதில் ஈதர்நெட் அடாப்டர் மட்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாது. அடாப்டரின் விலையும் ஹப்பில் பாதிதான் வரும்.

அடுத்தது கம்பி. இதை யாரும் கவனிப்பதில்லை. கடையில் "கேட் 6" என்ற ஈதர்நெட் கம்பித் தரப்பெயரைச் சொல்லி மலிவாகக் கொடுப்பதில் பெரும்பங்கு அலுமினியக் கம்பி. மேலே செம்பு முலாம் மட்டும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் முறிகிறது, பிளக்கில் பிடிமானம் தளர்கிறது, ஆறு மாதம் கழித்துத் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். எட்டுக் கம்பியையும் பிளக்கில் பொருத்தச் சொல்லுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும் என்று சொல்லி நான்கை மட்டும் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஜிகாபிட்டுக்கு நான்கு இணைகளும், அதாவது எட்டுக் கம்பிகளும் வேண்டும். நாளை திட்டத்தை உயர்த்தினால் சுவரைத் திரும்பக் கிளற முடியாது.

---

இருமுனை (ஓசூர்)

"100 வாட் பிடி" என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிடி என்பது பவர் டெலிவரி, சி கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்து வாங்கும் விதிமுறை. ஹப் 100 வாட் கொடுக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஹப்புக்குள் மின்னாக்கி எதுவும் கிடையாது. 20 வோல்ட், 5 ஆம்பியர் வரை சார்ஜரிடமிருந்து வாங்கிக் கடத்தும் தாங்குதிறன் அதற்கு உண்டு என்பதுதான் பொருள். நீங்கள் செருகும் சார்ஜர் 65 வாட் என்றால் 65-லிருந்துதான் கணக்கு தொடங்கும்.

அதிலும் ஹப் தன் பங்கை எடுத்துவைத்துக்கொள்ளும். ஈதர்நெட் சிப், எச்டிஎம்ஐ, மற்ற யூஎஸ்பி துளைகளில் செருகப்படும் பென்டிரைவ், ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதியைத்தான் "இவ்வளவு தரமுடியும்" என்று மடிக்கணினிக்குச் சொல்லும். பல ஹப்புகளில் இந்தக் கழிவு 15 வாட்டை ஒட்டி இருக்கிறது. "உள்ளே 100, வெளியே 85" என்று பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது நேர்மையான நிறுவனம் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்தத் துளைகளில் எதையுமே செருகாவிட்டாலும் கழிவு கழிவுதான், முன்கூட்டியே ஒதுக்கிவைத்துவிடும்.

ஆக, 65 வாட் சார்ஜரை ஹப் வழியாகக் கொடுத்தால் கணினிக்கு 50 வாட் போல வரும். பாடம் நடத்துவதற்கு அது தாராளம். "சார்ஜர் வேகம் குறைவு" என்று திரையில் ஓர் எச்சரிக்கை வரலாம். அதனால் கேடு எதுவுமில்லை. வீடியோ தொகுப்பு, விளையாட்டு என்று கணினியைப் பிழிகிறவர்களுக்குத்தான் சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

கேபிளைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியருக்குத்தான் உத்தரவாதம், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக கேபிளின் பிளக்குக்குள் தன் திறனைச் சொல்லும் சின்ன சிப் இருக்க வேண்டும். 65 வாட்டே 3.25 ஆம்பியர் என்பதால், சிப் இல்லாத கேபிளைப் போட்டால் சார்ஜர் 60-உடன் நின்றுவிடும். 2021-இல் வந்த பிடி 3.1 விதிமுறை 240 வாட் வரை அனுமதிக்கிறது. இந்தக் கைக்கடக்க ஹப்புகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மின்தடைக் கேள்விக்கு இரவு விரிவாக எழுதுகிறேன். அதுதான் இந்த விஷயத்தின் நடுநரம்பு.

---

பனைநிழல் (திருநெல்வேலி)

செப்புக்கம்பி அண்ணன் "ஹப்பே வேண்டாம்" என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் வாரத்தில் பாதி அலுவலகம், பாதி வீடு. வீட்டு மேசையில் ஹப் நிரந்தரமாக இருக்கிறது. மானிட்டர், விசைப்பலகை, ஈதர்நெட், சார்ஜர் எல்லாம் அதில். வந்து உட்கார்ந்து ஒரே கேபிளைச் செருகினால் வேலை தொடங்கிவிடும். தினமும் நான்கு பிளக்கைச் செருகிப் பிடுங்கினால் கணினியின் துளைகள்தான் தேயும். ஒரு துளை ஆட்டம் கண்டால் மதர்போர்டில் கைவைக்க வேண்டியிருக்கிறது; ஹப் தேய்ந்தால் வேறு ஹப் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கோணத்தையும் பார்க்க வேண்டும்.

---

செப்புக்கம்பி (மதுரை)

தம்பி, உங்களுக்கு அது சரி. கணினியைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறவருக்கு ஒரே கேபிள் பெரிய வசதி, மறுக்கவில்லை. டீச்சரின் கணினி மேசையை விட்டு நகராது. அவருக்கு வகுப்பு அறாமல் இருப்பதுதான் முதல் தேவை. அவருடைய தேவைக்கு மட்டும் சொன்னேன்.

---

கட்டற்றவன் (கோயம்புத்தூர்)

விலை வித்தியாசத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் ஈதர்நெட் சிப்பிலும், அந்தச் சிப் எந்த வழியில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது.

சந்தையில் சுற்றுவது சில சிப்கள்தாம். ரியல்டெக் ஆர்டிஎல்8152 என்பது 100 எம்பிபிஎஸ், யூஎஸ்பி 2.0. ஆர்டிஎல்8153 ஜிகாபிட், யூஎஸ்பி 3. ஆர்டிஎல்8156 என்பது 2.5 ஜிகாபிட். இன்னொரு குடும்பம் ஏசிக்ஸ் நிறுவனத்தின் ஏஎக்ஸ்88179, அதுவும் ஜிகாபிட். லினக்ஸில் இவற்றுக்கெல்லாம் கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் மையத்திலேயே, டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) உண்டு. செருகினால் ஓடும். விண்டோஸ் 10, 11-இலும் 8153-க்குப் பெரும்பாலும் நீங்கள் எதையும் தேடி நிறுவ வேண்டியிருக்காது. நான் யாருக்கு வாங்கிக் கொடுத்தாலும் 8153 என்று விவரக்குறிப்பில் எழுதியிருப்பதையே தேர்ந்தெடுக்கிறேன். சிப்பின் பெயரை வெளியே சொல்லாத ஹப்பை வாங்குவதில்லை.

எச்சரிக்கை ஒன்று. ஜிகாபிட் என்று எழுதிவிட்டு, ஹப்பின் உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாக இணைத்துவிடுகிறார்கள். யூஎஸ்பி 2.0-இன் உச்சவரம்பே 480 எம்பிபிஎஸ். கையில் வந்து சேர்வது 300-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒழுங்கான ஜிகாபிட் இணைப்பில் 940 வரை கிடைக்கும். லினக்ஸில், எந்தச் சாதனம் எந்த வழியில் இணைந்திருக்கிறது என்று காட்டும் யூஎஸ்பி கிளைப்படத்தைப் பார்த்தால் ஈதர்நெட் சிப்புக்கு எதிரே 5000 என்று இருக்கிறதா, 480 என்று இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

மானிட்டரும் அதே ஹப்பில் போகப்போகிறது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. சி கேபிளுக்குள் வேகமான தடங்கள் நான்கு. மானிட்டருக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என்று பிரித்தால் யூஎஸ்பி 3 வேகம் நிற்கும். ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை) 1.2 என்ற பழைய பதிப்பு உள்ள கணினிகளில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும், சுட்டி தத்தித்தத்தி நகரும். நான்கையும் மானிட்டருக்கே கொடுக்கும் ஹப்பில் 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் தரவுக்கு மிஞ்சுவது யூஎஸ்பி 2.0 மட்டும், ஈதர்நெட்டும் அதற்குள் அடங்க வேண்டும். கணினி, ஹப் இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் இரண்டு தடத்திலேயே 60 ஹெர்ட்ஸ் போய்விடும், இந்த இக்கட்டே வராது. டீச்சரின் கணினியில் தனி எச்டிஎம்ஐ இருப்பதால் அவர் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

---

இருமுனை (ஓசூர்)

மின்தடைக்கு வருகிறேன்.

சார்ஜர் ஹப்பில் செருகியிருக்கும்போது மின்சாரம் ஹப்பிலிருந்து மடிக்கணினிக்குப் போகிறது. கணினி வாங்குகிற பக்கம். தரவைப் பொறுத்தவரை கணினிதான் தலைமை. சார்ஜரில் மின்சாரம் போனதும் ஹப்புக்கு உயிர் கொடுக்க வேண்டிய பொறுப்பு கணினிக்கு வருகிறது. வாங்கிக்கொண்டிருந்த பக்கம் இப்போது கொடுக்கிற பக்கமாக மாற வேண்டும். இந்த மாற்றத்துக்கு நடுவில் கேபிளின் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்துவிடுகிறது. ஹப்பின் உள்ளே எல்லாச் சிப்பும் அணைந்து திரும்ப எழுகின்றன. கணினிக்கு அது யாரோ ஹப்பைப் பிடுங்கித் திரும்பச் செருகியது போலத்தான் தெரியும்.

பிறகு ஈதர்நெட் சிப் மோடத்தோடு வேகம் பேசி முடிக்க ஓரிரு நொடிகள், முகவரி வாங்க இன்னும் கொஞ்சம். பாடம் நடந்துகொண்டிருந்தால் அத்தனை நொடியும் மாணவர்கள் உறைந்த திரையைப் பார்த்திருப்பார்கள். மின்சாரம் திரும்ப வரும்போது இதே கூத்து எதிர்த்திசையில் நடக்கும். ஹப்பில் ஹார்ட்டிஸ்க் செருகிக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தால் அது இன்னும் மோசம், கோப்பே கெடலாம்.

இதைத் தவிர்ப்பதற்காகவே பிடி 3.0-இல் விரைவாகப் பொறுப்பு மாறும் ஒரு முறையைச் சேர்த்தார்கள். மின்னழுத்தம் முழுக்கச் சரிவதற்குள் கணினி கைகொடுத்துவிடும். ஆனால் ஹப், கணினி இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மலிவான ஹப்புகளில் அது இருப்பதாக நம்பி வாங்காதீர்கள்.

இன்வெர்ட்டர் வீட்டில் இடைவெளி மிகச் சிறியது. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் "யூபிஎஸ்", "நார்மல்" அல்லது "ஈகோ" என்று ஒரு பொத்தான் இருக்கும். யூபிஎஸ் நிலையில் மாறுவது வேகமாக நடக்கும்; நல்ல சார்ஜரின் உள்ளே இருக்கும் மின்தேக்கி அந்த இடைவெளியைத் தாங்கிவிடும், ஹப்புக்குத் தெரியவே தெரியாது. நார்மலில் இருந்தால் பல சார்ஜர்கள் தாங்காது. டீச்சர், அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மோடமும் இன்வெர்ட்டர் வரும் பிளக்கில்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மோடம் அணைந்துவிட்டால் எந்த ஹப் வாங்கியும் பயனில்லை.

தனித்தனியாக வைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. சார்ஜர் போனாலும் அடாப்டர் கணினியிலிருந்து 5 வோல்ட்டை எப்போதும்போல வாங்கிக்கொண்டே இருக்கும். செப்புக்கம்பி சொன்னதன் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

---

யாழ்வாசி (யாழ்ப்பாணம்)

நல்ல விளக்கம், மிக்க நன்றி. எனக்கு வேறு நிலை. தங்கை சட்டம் படிக்கிறாள். 2017 ஆம் ஆண்டின் 12 அங்குல மேக்புக்கை வைத்திருக்கிறாள். அதில் மொத்தமே ஒரு சி துளைதான். சார்ஜ் போட்டால் வேறெதுவும் செருக முடியாது. விடுதியில் வைஃபை மோசம், ஆனால் ஒவ்வொரு அறையிலும் ஈதர்நெட் துளை வைத்திருக்கிறார்கள். அவளுக்குச் சேர்ந்த ஹப்தான் வழி. எந்த விடயத்தைக் கவனிக்க வேண்டும்? கணினியுடன் வந்த சார்ஜர் 29 வாட்.

---

இருமுனை (ஓசூர்)

யாழ்வாசி, தங்கைக்குச் சேர்ந்த ஹப்தான் சரி. ஆனால் அந்த 29 வாட் சார்ஜரை ஹப்பில் போடாதீர்கள். ஹப் 15 வாட்டை எடுத்துவைத்துக்கொண்டால் கணினிக்கு மிஞ்சுவது பாதிதான். பேட்டரி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று நிற்கும். 60 அல்லது 65 வாட் சார்ஜர் ஒன்றை வாங்கி ஹப்போடு வையுங்கள். அதிக வாட் சார்ஜர் கணினியைக் கெடுத்துவிடும் என்று வீட்டில் யாராவது பயப்படலாம். கெடுக்காது. எவ்வளவு வேண்டும் என்று கணினிதான் கேட்டு வாங்குகிறது.

சிப் 8153 ஆகவே இருக்கட்டும். மேக்கில் அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது. ஏஎக்ஸ்88179-க்குப் பழைய மேக் இயங்குதளங்களில் டிரைவர் நிறுவ வேண்டியிருந்தது.

---

கணினிக்காவலர் (சென்னை)

விடுதி என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த இழையில் யாரும் தொடாத ஒரு கோளாறு இருக்கிறது. நான் வலைப்பின்னல்களைக் கவனிக்கும் வேலையில் இருப்பதால் இதை நேரில் பார்த்திருக்கிறேன். சார்ஜும் ஈதர்நெட்டும் சேர்ந்த ஹப்பில்தான் இது பெரும்பாலும் வருகிறது. கணினியைத் தூங்கவிட்டுவிட்டோ, ஹப்பிலிருந்து கழற்றிக்கொண்டோ ஒருவர் போய்விடுகிறார். சார்ஜரும் ஈதர்நெட் கம்பியும் ஹப்பிலேயே இருக்கின்றன. சில நிமிடங்களில் அந்த வலையின் ஸ்விட்சில் (பல ஈதர்நெட் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டி) இருக்கும் எல்லாருக்கும் இணையம் நின்றுவிடுகிறது. காரணம் தேடி எல்லாரும் மோடத்தை அணைத்துப் போடுவார்கள், சேவை நிறுவனத்தைத் திட்டுவார்கள். ஹப்பின் கம்பியை உருவியதும் எல்லாம் சரியாகிவிடும்.

ஏன்? ஈதர்நெட்டில் 802.3எக்ஸ் என்று ஒரு விதி. வரும் தரவை ஒரு சாதனத்தால் சமாளிக்க முடியவில்லை என்றால், "சற்று நிறுத்து" என்று எதிர்முனைக்கு ஒரு சின்னச் செய்தியை அனுப்பலாம். சார்ஜரால் ஹப்பின் ஈதர்நெட் சிப் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதிலிருந்து தரவை வாங்கிக்கொள்ளக் கணினி இல்லை. வலையில் எல்லாருக்கும் பொதுவாகப் போகும் செய்திகள் வந்து வந்து சிப்பின் சிறிய நினைவகம் நிரம்பிவிடுகிறது. உடனே அது "நிறுத்து" என்கிறது. ஜிகாபிட்டில் ஒரு முறை சொன்னால் அதிகபட்சம் 33 மில்லிநொடிதான் நிறுத்தம். ஆனால் நினைவகம் காலியாவதே இல்லையே! நிறுத்தாமல் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. மலிவான ஸ்விட்ச் அந்தத் துளைக்குப் போக வேண்டியதைத் தன் பொது நினைவகத்தில் சேர்த்துவைக்கப் போய், அது நிரம்பி, மற்றத் துளைகளுக்கும் அனுப்ப முடியாமல் திணறுகிறது. இன்னும் மோசமான சில ஸ்விட்ச்கள் தாங்கள் விழுங்கியிருக்க வேண்டிய அந்த "நிறுத்து" செய்தியை எல்லாத் துளைகளுக்கும் கடத்திவிடுகின்றன.

எல்லா ஹப்பிலும் இது வராது. உள்நிரல் திருத்தப்பட்ட ஹப்புகளில் கணினி இல்லாவிட்டால் ஈதர்நெட் விளக்கே அணைந்துவிடும். வாங்கியதும் அதைச் சோதியுங்கள். சார்ஜர், ஈதர்நெட் இரண்டையும் ஹப்பில் வைத்துக்கொண்டு கணினியை மட்டும் கழற்றிவிட்டு, ஈதர்நெட் துளையின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து எரிந்தால் கவனம் தேவை. சற்று நேரம் அப்படியே விட்டுவிட்டு வீட்டில் மற்றக் கருவிகளில் இணையம் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

திருப்ப முடியாதவர்கள் ஸ்விட்சில் "ஃப்ளோ கன்ட்ரோல்" என்பதை அணைக்கலாம். அமைப்பை மாற்ற முடிகிற ஸ்விட்சாக இருந்தால்தான் அது கைகூடும். யாழ்வாசி, விடுதியில் அந்த வசதி மாணவியின் கையில் இருக்காது. அறையை விட்டுக் கிளம்பும்போது ஈதர்நெட் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கத்தைத் தங்கைக்குச் சொல்லிவையுங்கள். ஒரு மாடி முழுக்கப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

விடுதியிலும் அலுவலகத்திலும் இன்னொன்று: பதிவு செய்த வன்பொருள் முகவரிக்கு (ஒவ்வொரு இணையச் சாதனத்துக்கும் உள்ள தனி எண்) மட்டும் இணையம் தருவார்கள். ஹப்புக்குத் தனி முகவரி உண்டு. அதைத்தான் பதிய வேண்டும், கணினியின் வைஃபை முகவரியை அல்ல. டெல், லெனோவோ, எச்பி போன்றவற்றின் அலுவலகக் கணினிகளில் சில டாக்குகளோடு (மேசையில் வைக்கும் பெரிய ஹப்) மட்டும் கணினியின் சொந்த முகவரியையே காட்டும் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) இருக்கிறது.

---

யாழ்வாசி (யாழ்ப்பாணம்)

இதை நான் எங்கும் வாசித்ததே இல்லை. விளக்குச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்து வாங்குகிறேன். விடுதிப் பொறுப்பாளரிடம் முகவரிப் பதிவு பற்றியும் கேட்கச் சொல்கிறேன். மிக்க நன்றி ஐயா.

---

பனைநிழல் (திருநெல்வேலி)

கணினிக்காவலர் எழுதியதைப் படித்துவிட்டு என் ஹப்பைச் சோதித்தேன். கணினியைக் கழற்றியதும் ஈதர்நெட் விளக்கு அணைந்துவிடுகிறது. நிம்மதி.

வெப்பம் பற்றி யாரும் எழுதவில்லை. சார்ஜும் ஈதர்நெட்டும் சேர்ந்து ஓடும்போது உலோக உறை கைபொறுக்கும் அளவுக்குச் சுடும்; அது இயல்பு. உள்வெப்பம் வெளியேற உலோக உறைதான் உதவுகிறது. பிளாஸ்டிக் உறை கைக்குக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் உள்ளேயே தங்குகிறது என்று பொருள். புத்தகத்துக்கு அடியிலோ மெத்தைமேலோ வைக்கக் கூடாது. கம்பியில்லாச் சுட்டி வைத்திருப்பவர்கள் அதன் சின்ன ரிசீவரை ஹப்பில் செருக வேண்டாம். யூஎஸ்பி 3 ஓடும் இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. கணினியின் மறுபக்கத் துளையில் போட்டால் சுட்டி ஒழுங்காக நகரும்.

---

மலைச்சாரல் (தென்காசி)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு துளையிலும் சார்ஜ் ஏறுகிறது. இன்வெர்ட்டர் பொத்தான் நார்மலில் இருந்தது. யூபிஎஸ் பக்கம் மாற்றிவிட்டோம். மோடமும் இன்வெர்ட்டர் பிளக்குக்கு வந்துவிட்டது. ஆகவே ஹப் வேண்டாம் என்று முடிவு செய்து, 8153 சிப் கொண்ட ஈதர்நெட் அடாப்டரை வரவழைத்தேன். ஒரு சி துளையில் அடாப்டர், மற்றதில் சார்ஜர், யூஎஸ்பி-ஏவில் எழுதும் டேப்லெட். நேற்று வகுப்பு நடுவே மின்சாரம் போய்வந்தது. பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை.

இரண்டு சந்தேகம் மீதி இருக்கின்றன. பத்து நிமிடம் கணினியைத் தொடாமல் விட்டால் சில நேரம் இணைப்பு விட்டு வருகிறது. அடுத்து, இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று காட்டுகிறது. என் திட்டமே 100 என்பதால் குறை ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

கட்டற்றவன் (கோயம்புத்தூர்)

முதலாவது மின்சேமிப்பு வேலை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர் பகுதியில் ரியல்டெக்கைத் தேர்ந்தெடுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்று ஒன்று இருக்கும். சில பழைய மோடங்களோடு அது ஒத்துப்போவதில்லை. முதல் திருத்தத்துக்குப் பிறகும் விட்டு வந்தால் மட்டும் அதையும் அணையுங்கள்.

---

செப்புக்கம்பி (மதுரை)

டீச்சர், 100 என்று காட்டுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலில் மோடத்தைப் பாருங்கள். சில ஃபைபர் மோடங்களில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட், மற்றவை 100தான். துளையின் மேல் ஜிஇ, எஃப்இ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஜிஇ என்பது ஜிகாபிட். கம்பியை அதற்கு மாற்றுங்கள். அப்போதும் 100 என்றால் பிளக்கில் ஏதோ ஓர் இணை பிடிக்கவில்லை. நான்கு இணையும் கிடைக்காதபோது இரு முனைகளும் ஜிகாபிட்டை விட்டு 100-க்கு இறங்கிவிடும். கம்பி போட்டவரைக் கூப்பிட்டு, சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதை உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள். பிளக்கைப் புதிதாக அடித்தால் போதும், கம்பியை மாற்ற வேண்டியிருக்காது.

உங்கள் ஊர் மலையடிவாரம், ஐப்பசியில் இடி அதிகம். ஃபைபரில் மின்சாரம் கடக்காது. ஆனால் மோடத்தின் மின்னிணைப்பு வழியாக வரும் தாக்கம் செம்புக் கம்பியில் ஏறி மடிக்கணினி வரைக்கும் வரலாம். ஈதர்நெட் துளைக்குள் இருக்கும் சின்ன மின்மாற்றி 1500 வோல்ட் வரை தடுக்கும். பக்கத்தில் விழும் இடிக்கு அது போதாது. இடி நெருங்கும் மாலைகளில் சார்ஜரையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரியிலும் வைஃபையிலும் பாடம் நடத்துங்கள்.